செவலைக்கு வைத்த ராத்திரிப் பாட்டு

தம்பி, பாப்பா, நம் காளை செவலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னபோது நீங்கள் இருவரும் கேட்டது பாதிக் கதைதான். பாட்டைப் போட்டோம், வந்துவிட்டது என்று நான் சொன்னதும் தம்பி கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சிரித்தான். பாப்பா ஹாஸ்டலில் இருந்து, "அப்பா, ரீல் விடாதீங்க" என்றாள். போனில் எதையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடிவதில்லை. நடுவில் உங்கம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டீங்களா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் பிள்ளைகள் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மைக் செட் கட்டுகிறவன். ஆவூர் மாதா கோயில் திருவிழாவுக்கும் கட்டுவேன், விராலிமலைப் பக்கம் காதுகுத்துக்கும் கட்டுவேன், துக்க வீட்டுக்கும் கட்டுவேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க." குறைக்கச் சொல்லி ஒருத்தரும் எனக்குக் கூலி கொடுத்ததில்லை. ஒரே ஒருத்தரைத் தவிர.

அவர் திருமயம் பக்கத்து ஊரில் பெரிய வீட்டுக்காரர். குடும்பமே சென்னையில் இருக்கிறது. அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து வீட்டைத் திறந்திருந்தார்கள். காலையில் நாதஸ்வரம், மத்தியானம் பழைய பாட்டு, எல்லாம் வழக்கம்போல. சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு காராகக் கிளம்பிப் போன பிறகு பெரியவர் என்னைக் கூப்பிட்டு ஒரு சிடியைக் கொடுத்தார். உள்முற்றத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் வைத்து இதைப் போடச் சொன்னார். போட்டேன். "கொறைங்க" என்றார். குறைத்தேன். "இன்னும்" என்றார். மூன்றாம் தரமும் குறைக்கச் சொன்னபோது, பாட்டு பிடிக்கவில்லை போல, அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"இது ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் கேக்குற பாட்டுங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தா அவருக்குக் கேக்கணும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது."

பக்கத்தில் அவருடைய வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

அதில் பாடுகிறவர் யாரும் இல்லை. சாக்ஸபோன் உண்டு. சாக்ஸபோன் எனக்குப் புதிது இல்லை. நம் பக்கத்து பேண்ட் செட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பார்கள், காது கிழியும். இதில் அப்படி இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட ஒருத்தர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. பின்னால் ஒரு சரசர சத்தம். உங்கம்மா முறத்தில் உளுந்து புடைக்கிற அதே சத்தம். ட்ரம்மைக் குச்சியால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள் என்று தம்பிதான் பிறகு சொன்னான். இடையில் இன்னொன்று வரும். மணி மாதிரி, ஆனால் மணி இல்லை. வெண்கலக் குண்டானில் தண்ணீர் சொட்டி, அந்தச் சொட்டு சீக்கிரம் அடங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அது என்ன என்று எனக்கு விளங்கவே இல்லை.

கிளம்பும்போது சிடியை என் பிளேயரிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் போன் பண்ணிச் சொன்னதற்கு, தன்னிடம் இன்னொன்று இருப்பதாகவும் நானே வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். அட்டையில் ஒரு தெருவிளக்கும் அதன் கீழே நனைந்த ரோடும் படம் போட்டிருந்தது. தம்பி லீவுக்கு வந்தபோது அட்டையைப் படித்துப் பார்த்து, அந்த மணி மாதிரிச் சத்தத்துக்குப் பேர் வைப்ரஃபோன் என்றான். போனில் படமும் காட்டினான். உலோகப் பட்டைகளை வரிசையாகப் பரப்பி, நூல் சுற்றிய குச்சியால் தட்டுகிறார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாய் வாயில் சின்னத் தகடு மோட்டாரில் சுற்றுகிறது. அந்தச் சுற்றில்தான் சத்தம் நடுங்குகிறது. எனக்கு அன்றைக்கெல்லாம் அதே நினைப்பாக இருந்தது. பிறகு தம்பி அந்தப் பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

அது எப்படி மாட்டுப் பாட்டு ஆனது என்று கேட்பீர்கள்.

என் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. பழுது பார்த்த பெட்டியைச் சோதிக்க வீட்டு வாசலில் சினிமாப் பாட்டு எதையும் போட முடியாது. நம் ஊரில் பாட்டு கேட்டால் அது விசேஷ வீடு. போட்ட கொஞ்ச நேரத்தில், "என்னப்பா, சொல்லவே இல்ல?" என்று ஆள் வந்து நிற்கும். ஒரு தரம் நம் பங்காளி ஒருத்தர் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார். வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா? உங்கம்மா உப்புமா கிண்டினாள். இந்த ராத்திரிப் பாட்டைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டியில் சின்னக் குறை இருந்தாலும் அந்த மணிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தினமும் சாயங்காலம் கொட்டகை ஓரத்தில் பழைய கறுப்புப் பெட்டியில் இதைத்தான் ஓட்டுவேன். மற்ற பெட்டிகளை அதற்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்தக் கறுப்புப் பெட்டி கனத்த சத்தம் வரும்போது லேசாக உறுமும். அதைச் சரிசெய்ய எனக்கு நேரமே வாய்த்ததில்லை.

கொட்டகைக்குள் செவலை நிற்பான். சாயங்காலம்தான் அவனுக்குத் தீனி நேரம்.

செவலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தாய்ப்பசு செத்துப்போய், உங்கம்மா புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கன்று. வளர வளரத் திமில் ஏறிக்கொண்டே போனது. உங்கம்மாவைத் தவிர யாரும் மூக்கணாங்கயிற்றைத் தொட முடியாது. என்னையே இரண்டு தரம் சுவரோடு சாத்தியிருக்கிறான். உங்கம்மா அவனை மாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவன், இவன்தான். பாட்டு ஓடினால் தலையை அசைக்காமல் தின்பான். நான் வேலைக்குப் போய் வர நேரமான நாட்களில் பருத்திக்கொட்டையை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா நிற்பானாம். "வந்து அந்தத் தூங்குமூஞ்சிப் பாட்டைப் போடுங்க. உங்க மகன் திங்க மாட்டேங்குறான்" என்று உங்கம்மா எனக்கு போன் பண்ணுவாள். உங்கள் மாமாதான் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவான். ஊரில் எல்லோரும் வாடிவாசல் காளைக்குக் கொட்டுச் சத்தம் பழக்குகிறார்கள், மச்சான் தாலாட்டுப் பழக்குகிறார் என்பான்.

மாசி மாதம் விராலிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் ஜல்லிக்கட்டில் செவலைக்கு டோக்கன் கிடைத்தது. நீங்கள் இருவரும் வீடியோவில் பார்த்தீர்கள். வாடியை விட்டு வந்தவன் ஒரு சுற்றுச் சுற்றினான். ஒருத்தர் கை அவன் மேல் படவில்லை. பரிசாக ஒரு சைக்கிள் அறிவித்தார்கள். வீடியோ அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வினை.

ஓடி வருகிற காளைகளைக் கயிறு போட்டுப் பிடிக்கத் தள்ளி ஒரு இடம் வைத்திருப்பார்கள். அங்கே மாமாவும் அவன் கூட்டாளிகளும் கயிற்றோடு நின்றார்கள். செவலை அவர்களைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த முள்வேலியைத் தாண்டினான். அவ்வளவுதான். இரண்டு பைக்கில் பின்னாலேயே போனார்கள். பருத்திக்காடு, ஓடை, பிறகு கருவேலங்காடு. அதற்குமேல் பைக் போகவில்லை.

பொழுது சாய்ந்து நாங்கள் வெறும் லோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். பின்னால் புதுச் சைக்கிள் மட்டும் நின்றது. உங்கம்மா சைக்கிளைப் பார்த்தாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

வாடியில் இருந்து ஓடிய காளை திரும்பி வராவிட்டால் என்னவெல்லாம் ஆகும் என்று நம் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுவர் இல்லாத கிணறு எத்தனையோ கிடக்கிறது. நாலு வழிச் சாலையில் லாரி போய்க்கொண்டே இருக்கிறது. ஆளில்லாமல் அலைகிற மாட்டை வண்டியில் ஏற்றி அடிமாட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கம்மா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காப்பித் தண்ணி குடித்தாள். தட்டில் போட்டதைப் பிசைந்து கோழிக்குப் போட்டாள். ஆனால் செவலைக்கான தீனியை நிறுத்தவில்லை. சாயங்காலமானால் பருத்திக்கொட்டை ஆட்டி, தவிடு கலந்து, அலுமினியக் குண்டானில் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பாள். காலையில் அதை எடுத்து ஆட்டுக்கு ஊற்றுவாள். ஏன் இப்படி வீணாக்குகிறாய் என்று நான் கேட்டுவிட்டேன்.

"பசியோட வந்து நிப்பான். அப்பத்தான் ஊறப்போடச் சொல்றீங்களா?" என்றாள்.

மறுநாள் தவிட்டு மூட்டையை நானே வாங்கி வந்து இறக்கினேன்.

மாமா செவலையின் படத்தை எல்லா மாட்டு குரூப்பிலும் போட்டான். போன் வந்துகொண்டே இருந்தது. பார்த்தேன் என்பார்கள், போனால் வேறு மாடாக இருக்கும். ஆவுடையார்கோவில் பக்கமிருந்துகூட ஒருத்தர், நெற்றியில் வெள்ளையோடு ஒரு செவலைக் காளை எங்கள் தெருவில் நிற்கிறது என்றார். அவ்வளவு தூரம் அவன் நடந்திருக்க முடியாது என்று எங்களுக்கே தெரியும். இருந்தும் போனோம். அங்கே ஒரு செவலைக் காளை நின்றது, நெற்றியில் வெள்ளையும் இருந்தது. அதன் சொந்தக்காரரும் பக்கத்திலேயே நின்றார். "எம் மாட்டை என் வாசல்லயே வந்து காணோம்னு தேடுறீங்களே, இது நல்லா இருக்கா?" என்றார். பிறகு விஷயத்தைக் கேட்டு மோர் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷர். அவருடைய காளையும் போன வருஷம் காணாமல் போய்த் திரும்பி வந்ததாம். அதைக் கேட்டதில் எனக்கு வரும் வழியெல்லாம் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

இனி நம் கையில் இருக்கிற தொழிலை வைத்தே தேடுவோம் என்று லோடு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் இரண்டைக் கட்டினேன். காடு மேடெல்லாம் போவோம். மைக்கில் நான் அறிவிப்பேன். செவலைக் காளை, நெற்றியில் வெள்ளை, வலது கொம்பு நுனி மழுங்கியது, கண்டவர்கள் சொல்லுங்கள் என்று. வெறும் பேச்சுக்கு யார் வெளியே வருவார்கள்? நம் ஜனம் கொட்டுச் சத்தம் கேட்டால்தான் வாசலுக்கு வரும். அதனால் இடையிடையே ஜல்லிக்கட்டுப் பாட்டைப் போட்டோம். உறுமி மேளம், விசில், ஆளு கூச்சல் எல்லாம் உள்ள பாட்டு. ஜனமும் வந்தது. மாமாவுக்குத் தெம்பாகிவிட்டது, இன்னும் ஏத்துங்க மச்சான் என்றான். ஏற்றினேன். விராலிமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாங்கள் போகாத வண்டிப்பாதை இல்லை.

அப்படி ஒரு நாள் மத்தியானம், நம் ஊருக்கும் விராலிமலைக்கும் நடுவில் உள்ள கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார். என் வயசு இருக்கும். குழாயைக் காட்டி, அதை அமர்த்தச் சொல்லிக் கையை ஆட்டினார். அமர்த்தினேன்.

"ஏண்ணே, மாட்டைத் தேடுறீங்களா, வெரட்டுறீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கம்பை நீட்டிக் கருவேலங்காட்டைக் காட்டினார்.

"நேத்துச் சாயந்தரம் அந்தா அங்கிட்டுத்தான் படுத்துக் கெடந்துச்சு. நெத்தியில வெள்ளை. நீங்க கொட்டடிச்சுக்கிட்டு வந்தீங்க பாருங்க, எந்திரிச்சு ஒரே ஓட்டம். முந்தாநாளும் அப்படித்தான். ரெண்டு ஆட்டுக்குட்டியை மிதிக்கப் பாத்துச்சு."

மாமா ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறுமியும் விசிலும் கூச்சலும் எங்கே கேட்கும்? வாடிவாசலில் கேட்கும். நூறு பேர் மேலே விழ வருகிற இடத்தின் சத்தம் அது. அதையே குழாயில் கட்டி அவன் பின்னாலேயே கொண்டுபோயிருக்கிறோம். நாலு வழிச் சாலையைத் தாண்டி, வீட்டுத் திசையில்தான் அவன் வந்துகொண்டிருந்திருக்கிறான். கிட்டே வரும்போதெல்லாம் நாங்களே கொட்டடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

"அக்காகிட்ட இதை மட்டும் சொல்லிராதீங்க மச்சான்" என்றான் மாமா.

உயிரோடு இருக்கிறான், முந்தின நாள்வரை உயிரோடு இருந்தான் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இன்றைக்கு ராத்திரிக்குள் வேறு எங்காவது போய்விடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். அந்த அம்மாவிடம், ஆடுகளைக் காட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு ஆட்டோவை வீட்டுக்கு விரட்டினோம். குழாயைக் கழற்றி எறிந்தேன். குழாயில் வைத்தால் அந்தப் பாட்டு தகர டப்பாவில் போட்ட சில்லறை மாதிரி ஆகிவிடும். அவனுக்குத் தெரிந்தது கறுப்புப் பெட்டியின் சத்தம், உறுமலோடு சேர்த்து. அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, ஆட்டோ பேட்டரியிலேயே ஓடுகிற சின்ன ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். பென் டிரைவைச் செருகினேன்.

உங்கம்மாவிடம் விவரம் எதையும் நான் சொல்லவில்லை. நான் கறுப்புப் பெட்டியைத் தூக்கியதைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்த் தீனிக் குண்டானோடு வந்து, ஆட்டோவில் பின்பக்கம் ஏறி, குண்டானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுக் கயிற்றை இடுப்பில் சுற்றியிருந்தாள்.

கண்மாய்க்குத் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடந்தது. பெட்டியைக் கருவேலங்காட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கை தானாகவே குமிழைத் திருகப் போனது.

"வீட்ல எவ்வளவு வைப்பீங்களோ அவ்வளவு வைங்க" என்றாள்.

இந்தச் சத்தம் அந்தக் கரையைத் தாண்டாது என்று மாமா சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்டவெளி. வீட்டில் சுவர் இருக்கிறது.

"மாட்டுக் காது ஒங்க காது மாதிரின்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் அந்தச் சாக்ஸபோன் தனியாக வந்தது. வெயில் கண்ணில் குத்துகிற நேரத்தில், கருவேலமரத்துக்கு நடுவில், தெருவிளக்கும் நனைந்த ரோடுமாகப் படம் போட்ட பாட்டு. மயில் ஒன்று பதிலுக்குக் கத்தியது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினான். ஆடு மேய்க்கிற அம்மா, "இதென்ன, சீக்காளிப் பாட்டா இருக்கு" என்றார். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஒரு தரம் கருவேலம்புதர் அசைந்தது. வெளியே வந்தது யாருடையதோ ஒரு கிழட்டுப் பசு.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மங்க ஆரம்பித்திருந்தது. காலையிலிருந்து குழாய் ஓட்டிய பேட்டரி. நான் அதை உங்கம்மாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்க்கரையில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லாமல் ரொம்பத் தள்ளி, அவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. சேறு அப்பிக் கறுத்துப் போயிருந்தான். நெற்றி வெள்ளை மட்டும் தெரிந்தது. இரண்டு காதும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. மாமா எழுந்திருக்கப் போனான். உங்கம்மா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் சும்மா இருக்குமே, அதுதான். எத்தனையோ சாயங்காலம் கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளி அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செவலை தலையைத் திருப்பினான். ஒரு கால் காட்டுப் பக்கம் வைத்தான். பேட்டரி போய்விட்டதோ என்று குனிந்து சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

அடுத்த பாட்டு அந்த மணிச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். ஒரு சொட்டு விழுந்தது. நடுங்கிக்கொண்டே தண்ணீர் மேல் போனது. பிறகு இன்னொரு சொட்டு. கறுப்புப் பெட்டி லேசாக உறுமியது. செவலை திரும்பினான். கண்மாய்க்குள் இறங்கினான்.

உங்கம்மா குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகாமல்கூட அப்படியே தண்ணீருக்குள் நடந்தாள். அவனைக் கூப்பிடவில்லை. நடுவில் நின்றாள். முழங்கால் தண்ணீர். அவன் வந்து அவள் தோளை மோந்தான். குண்டானுக்குள் மூஞ்சியை விட்டான்.

"எங்கடா போன?" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள், தண்ணீர் மேல் வந்ததால் எங்களுக்குக் கேட்டது. "தெனம் வச்சேனே. தெனம் வச்சேனேடா."

அவன் பாட்டுக்குத் தின்றான். அவள் இடுப்பில் இருந்த கயிற்றை உருவி மெதுவாகக் கொம்பில் போட்டாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை பட்டுவிட்டது என்றான். அந்தக் கண்மாயில் ஏது புகை? கயிறு போட்டாகிவிட்டதே என்று நான் குமிழில் கை வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அமத்தாதீங்க. தின்னு முடிக்கட்டும்."

தின்று முடித்தான். சிவப்பு விளக்கும் அதற்குக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. வழியில் அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று பெட்டியை இறக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். மாமா ஆட்டோவைக் கிளப்பப் போனால் அசையவில்லை. "அக்காளும் மச்சானும் ஊர்வலம் போறீங்க, நான் இந்தத் தகர டப்பாவுக்குக் காவலா?" என்று புலம்பினான். அவன் கூட்டாளிகள் வேறு பேட்டரியோடு வரும்வரை ஆடு மேய்க்கிற அம்மா அவனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாராம். வாழ்க அவர். பரிசு கிடைத்த சைக்கிளை மறுநாள் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள் அவருக்கு.

வீட்டுக்கு நடந்து வந்தோம். உங்கம்மா முன்னால், செவலை அவளுக்குப் பின்னால், பெட்டியோடு நான் கடைசி. அவன் பின் தொடையில் முள் கிழித்த காயம் ஒன்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. மாமா சொல்லக்கூடாது என்ற விஷயத்தை அந்த ஆட்டுக்கார அம்மாவே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். ஆனால் திட்டு எனக்கு இனித்தது. அத்தனை நாளும் அவள் பேசாமல் இருந்தாளே.

வீட்டுக்கு வந்து அவனைக் கட்டி, காயத்தைக் கழுவி, வேப்பெண்ணெய் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தாள். இரண்டு வாய் போனதும், "என்ன பாக்குறீங்க, அந்த ஊறுகாயை எடுங்க" என்றாள். உங்களுக்கு போன் பண்ணியது அப்போதுதான். என் குரல் ஒரு மாதிரி இருந்தது என்று பாப்பா கேட்டாளே, அது அழுகை இல்லை. பெட்டி தூக்கிய களைப்பும் கொஞ்சம் உண்டு.

அவன் பாட்டுக்கு வந்தானா, பருத்திக்கொட்டை வாசனைக்கு வந்தானா என்று மாமா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தன்னைப் பார்த்துத்தான் வந்தான் என்பது உங்கம்மா கட்சி. நான் எதற்கும் வாதாடவில்லை. வந்தான், அது போதும். ஒன்று மட்டும் உறுதி, பாட்டு நின்றபோது அவன் திரும்பினான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ரீல் இல்லை.

நீங்கள் போனை வைத்த பிறகு அவள் படுத்து உடனே தூங்கிவிட்டாள். குறட்டைகூட விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கொட்டகைக்குப் போனேன். செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஒரு விஷயம் நினைவு வந்தது. அவன் தின்று முடித்ததும் நான் பாட்டை நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் அந்த சிடியில் கடைசிப் பாட்டை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. திருமயத்திலும் அதற்குள் பெரியவர் எழுந்து படுக்கப் போய்விட்டார்.

கறுப்புப் பெட்டியைக் கரண்டில் மாட்டி, கடைசிப் பாட்டைத் தேடி வைத்தேன். குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அவன் அசைபோடுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு வந்ததும் கையை எடுத்தேன். சாக்ஸபோன் இதில் அதிகம் இல்லை. அந்த மணிதான் தனியாக, ஒன்று விழுந்து அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்தது விழுகிற மாதிரி போனது. வேலையெல்லாம் முடிந்திருந்தது. பெரியவர் சொன்ன நேரமும் அதுதான்.

முடிந்ததும் ஒயரைப் பிடுங்கினேன். பெட்டியை உள்ளே எடுத்து வைக்கத் தோளில் தெம்பு இல்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அந்தப் பெட்டிமேல் போர்த்தி, நுனியைச் செருகிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.